நோக்குகூலி

ஏலே பேராண்டி, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் மூடு. ஆபீஸ் வேலைன்னு சொன்ன. எட்டிப் பாத்தா காலியா ஒரு ஹாலு. நடுவுல வெள்ளைச் சோபா, ஓரத்துல ஒரு செடி. ஒரு செருப்பு இல்ல, சார்ஜர் வயரு இல்ல, மூக்கு ஒழுகுற பிள்ளை ஒண்ணு இல்ல. அந்த வீட்டுல யாருலே குடியிருக்கா, பேயா?

பால் காய்ச்சி ரெண்டு மாசமாவுது. இன்னும் சோபாவை இங்ஙன போடவா அங்ஙன போடவான்னு நீயும் உன் வீட்டுக்காரியும் ராத்திரி பதினோரு மணிக்கு மொணமொணன்னு பேசுதீங்க. பாதி சண்டை, பாதி கணக்கு. சரி, கெழவனை ஒரு வார்த்தை கேப்போம்னு உனக்குத் தோணல. கேக்காட்டி என்ன, நான் சொல்லுவேன். அதுக்குத்தானே தென்காசியில அர்த்தராத்திரி பாலருவி ரயில் ஏறி, மலையைத் தாண்டி, ஆலுவாவுல எறங்கி, மெட்ரோ புடிச்சு இந்தக் களமசேரிக்கு வந்து சேந்தேன்.

வந்து ஆறு நாளாச்சு. மொத மூணு நாள் நான் வாயைத் திறக்கல, கவனிச்சியா? தாத்தாவுக்குக் காது மந்தம், வாயும் மந்தமாயிட்டுன்னு நெனச்சிருப்ப. நான் பாத்துக்கிட்டு இருந்தேன் ராசா. அதுவும் ஒரு தொழில்தான். எதுத்த ஃபிளாட்டுச் சேட்டன்தான் அந்தத் தொழிலுக்குப் பேரு சொல்லிக் குடுத்தாரு: நோக்குகூலி. சேட்டன் எச்.எம்.டி.யில கடைசல் இயந்திரம் செஞ்ச ஆளு. ரிட்டயர் ஆயி எத்தனையோ வருசமாச்சு, இன்னும் சட்டைப் பையில இஞ்சு டேப்பு இருக்கு.

அவரு சொன்னது இதுதான். நம்ம சாமானை நம்மளே லாரியில இருந்து எறக்கிக்கிட்டா, சுமட்டுக்காரங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னு பாப்பாங்களாம். பாத்து முடிச்சதும், பாத்ததுக்குக் கூலி கேப்பாங்களாம். சுமை தூக்குறவங்களுக்குன்னு 1978-லயே தனிச் சட்டம் போட்ட நாடு இது. நல்ல சட்டம், முதுகு ஒடிய சுமக்கவனுக்கு ஒரு பாதுகாப்பு வேணும்லா. ஆனா பாக்கதுக்குக் கூலி கேட்டா யாரு பொறுப்பா? 2018 மே 1-ஆம் தேதியில இருந்து அது கூடாதுன்னு சர்க்காரு தடை போட்டுட்டு. அதுவும் தொழிலாளர் தினமாப் பாத்து! எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. 78 வயசுல நமக்கு ஒழுங்காத் தெரிஞ்ச ஒரே வேலை அது. அதுக்கும் தடைன்னா கெழவங்க எல்லாம் எங்க போக?

சரி, கூலி பொறவு பேசிக்கிடலாம். பாத்ததைச் சொல்லுதேன்.

உன் ஹாலு 24 அடி நீளம், 12 அடி அகலம். சேட்டன் டேப்பு புடிச்சாரு. நான் என் வேட்டியைப் புடிச்சேன். 8 முழ வேட்டி. இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுத்துக்குச் சரியா இருந்துச்சு. அப்ப நான் என்ன கட்டியிருந்தேன்னு கேக்காத, துண்டு எதுக்கு இருக்கு? ஆக, ஒரு வேட்டி அகலம், ரெண்டு வேட்டி நீளம். அதுக்குள்ள உக்கார எடம், சாப்பிட எடம், டிவி, சாமி மாடம், அடுப்படித் திட்டு எல்லாம் ஒண்ணா, நடுவுல செவுரே இல்லாம. கேட்டா ‘ஓப்பன் பிளான்’ங்க. ரொம்பப் புதுசு மாதிரி.

ஏலே, உங்க பூட்டன் வீட்டுப் பட்டாசல்ல என்ன செவுரு இருந்துச்சு? தார்சாவைத் தாண்டினா பட்டாசல். காலையில அது படிக்க எடம், மத்தியானம் சாப்பிட எடம், சாயந்தரம் நெல்லு அளக்க எடம், ராத்திரி பதினோரு பேரு படுக்க எடம். கல்யாணம் பேசினதும் அதுலதான், பொணத்தைக் கெடத்துனதும் அதுலதான். ஒரு வேலை முடிஞ்சா பாயைச் சுருட்டி மூலையில சாத்திருவோம். மணைப்பலகையைக் கழுவிக் கமுத்திருவோம். எடம் மறுபடி எடமா ஆயிரும். பாய்க்கு எந்திரிச்சுப் போகத் தெரியும். நீ வாங்குன சோபாவுக்குத் தெரியாது. சவம், வந்த அன்னைக்கு உக்காந்தது, இன்னும் உக்காந்தே இருக்கு. உன் கஷ்டம் பூராவும் அதுதான்.

வெளிநாட்டுலயும் இதைப் பண்ணிப் பாத்திருக்காங்கன்னு நீதான அந்தப் படத்தைக் காட்டுன. சிகாகோவுல 1910-ல முடிஞ்ச ரோபி வீடு. பிராங்க் லாயிட் ரைட்டுன்னு ஒரு கொத்தனாரு... சரி சரி, கோவிச்சுக்காத, ஆர்க்கிடெக்டு. நீளமா ஒரே அறை மாதிரி. நடுவுல கணப்பு அடுப்பு. அடுப்புக்கு இந்தப் பக்கம் உக்காந்து பேசலாம், அந்தப் பக்கம் உக்காந்து சாப்பிடலாம். செவுரு இல்லாமலே ரெண்டு அறை ஆயிட்டு. நல்ல மூளை. ஆனா அது பனி பெய்யுற ஊரு. நெருப்பு எங்க இருக்கோ அங்க மனுசன் போவான். இது களமசேரி. மழை நின்ன அஞ்சாவது நிமிசம் முதுகுல வேர்வை ஓடுது. இங்க நெருப்புக்குப் பதிலா ஃபேனுதான் சாமி. மொதல்ல சாமி எங்க இருக்குன்னு பாரு, பொறவு சன்னிதி கட்டு.

நீ என்ன பண்ணிருக்க? வீடு கட்டுனவன் மோட்டுல ரெண்டு ஃபேனை நடுவுல நடுவுல மாட்டிட்டுப் போயிட்டான். நீ எல்லாத்தையும் செவுத்தோரம் தள்ளிட்ட. சோபா இந்தச் செவுத்துல, ஒத்தைச் சேரு அந்தச் செவுத்துல, கல்யாணத்துல பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தகாரங்க உக்காந்த மாதிரி. நடுவுல ஃபேனு யாருக்குச் சுத்துது? டீப்பாய்க்கு. அதுக்கு நல்லாக் காத்து வாங்குது. அதுமேல இருக்க பேப்பரு பறக்குது. நீங்க ரெண்டு பேரும் ஓரத்துல வேர்த்து ஒழுகிக்கிட்டு, அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் ‘என்ன சொன்ன?’, ‘கேக்கல’ன்னு கத்துதீங்க. நான் மொத நாள் சண்டைன்னே நெனச்சேன். பொறவுதான் தெரிஞ்சுது, அது கொஞ்சல்னு.

எதுக்குலே செவுத்துக்கு இம்புட்டுப் பயம்? நடுவுல எடம் காலியா இருந்தா வீடு பெருசாத் தெரியும்னு யாரோ சொல்லிருப்பான். காலியா இருக்க எடத்துல நீ என்ன, சிலம்பமா சுத்தப் போற? போன செவ்வாக்கிழமை உன் வீட்டுக்காரி சோபாவுக்குப் பின்னால விழுந்த கம்மலைத் தேட அதை இழுத்தாள்லா, அப்ப அந்தச் செவுத்தைப் பாத்தியா? பச்சைப் பாசி மாதிரி பூசணம். கூடவே பாப்பாவோட ஒத்தைச் சாக்ஸ், மெழுகுப் பென்சில் ரெண்டு, முறுக்குத் துண்டு ஒண்ணு. முறுக்குக்கும் பூசணம். இந்த ஊர்ல ஜூன் மாசம் இடவப்பாதி மழை இறங்கினா செப்டம்பர் வரைக்கும் செவுரு ஈரம் குடிக்கும். அது முடிஞ்சு துலாவர்ஷம் வேற. காத்துப் போக வழியில்லாம சோபா முதுகை அதுல ஒட்டி வச்சா அதுக்கும் சளி புடிக்கும். செவுத்தோரம் போட்டே ஆகணும்னாக்கூட நாலு விரக்கடை விட்டுப் போடு. எருமையைத் தொழுவுல கட்டும்போதே செவுத்துல ஒட்டிக் கட்ட மாட்டோம். உன் சோபா எருமையைவிட வெலை கூடுதல்.

முன்னால இழு. ஃபேனுக்குக் கீழ கொண்டா. சோபாவோட முதுகு சாப்பாட்டுப் பக்கம் பாக்கட்டும். சிகாகோக்காரனுக்கு அடுப்பு பண்ணுன வேலையை உனக்குச் சோபா முதுகு பண்ணும்; அதுக்கு இந்தப் பக்கம் அரட்டை, அந்தப் பக்கம் சாப்பாடு. ஒத்தைச் சேரை அதுக்கு எதுக்க, கையை நீட்டினா காப்பி டம்ளரை வாங்கிக்கிடற தூரத்துல போடு. ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. வாசலுக்கு முதுகு காட்டி யாரையும் உக்கார வைக்காத. பின்னால யாரு வாரான்னு தெரியாம உக்காந்திருக்கவன் நிம்மதியா ஒரு வடை திங்க மாட்டான்.

அடுத்தது தடம். மனுசன் எங்க நடப்பான்னு தெரியாம சாமான் போடுறது, ஆடு போற வழியில கெணறு வெட்டுன மாதிரி. அன்னைக்கு நல்ல மழை. பாப்பா பால்கனியில காலை நனைச்சுக்கிட்டு உள்ள ஓடியாந்தா. நீ ‘ஏய், தரை!’ன்னு கத்துன. நான் கத்தல, குனிஞ்சு பாத்தேன். டைல்ஸ் மேல ஈரக்காலு அஞ்சு வெரலோட அச்சு அச்சா. பால்கனிக் கதவுல இருந்து நேரா வந்து, டீப்பாய்க்கிட்ட சடக்குன்னு ஒடிஞ்சு, சேருக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு காலை மட்டும் சாய்ச்சு வச்சு, பொறவு அடுப்படிக்கு. அந்தச் சாய்ஞ்ச காலைப் பாத்ததும் எனக்கு எல்லாம் வெளங்கிட்டு. பாப்பா ஒல்லி, நுழைஞ்சு போயிருதா. உன் வீட்டுக்காரி தோசைத் தட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வாரா, மொளைப்பாரி எடுக்க மாதிரி. உன் கணுக்காலுக்கு மேல நாலு தழும்பு இருக்கு. நாலும் டீப்பாய் கொடுத்த சீர்.

முழக்கணக்கு சொல்லுதேன், குறிச்சுக்கோ. ஒரு முழம்னா ஒண்ணரை அடி. ஆளு நடக்க தடத்துக்கு ரெண்டு முழம். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவுல ஒரு முழம். அதுக்குக் கொறைஞ்சா முட்டி இடிக்கும், கூடினா டம்ளரு எட்டாது. சாப்பாட்டு மேசையில ஒருத்தருக்கு ஒரு முழமும் எட்டு விரக்கடையும், அதாவது ரெண்டு அடி. இல்லன்னா பக்கத்து எலையில உன் முழங்கை பொரியலை அள்ளும். சேரைப் பின்னால தள்ளி எந்திரிக்க மேசை விளிம்புல இருந்து ரெண்டு முழம். மேசைக்கு மேல தொங்க வெளக்குக்கும் மேசைக்கும் நடுவுல ரெண்டு முழத்துக்குக் கொஞ்சம் கொறைவு. அப்பத்தான் வெளிச்சம் சோத்துல விழும், கண்ணுல விழாது. இதையே உங்க ஆளுக செண்டிமீட்டர்ல எழுதி, படம் போட்டு, பீசு வாங்குதாங்க. நம்ம கையே டேப்பு. மறந்து வச்சுட்டு வரவும் முடியாது.

இப்ப மேசைக்கு வாரேன். ஆறு பேர் மேசை. 6 அடிக்கு 3 அடி. வீட்டுல இருக்கது ரெண்டே முக்கால் ஆளு. ‘விருந்தாளி வந்தா வேணும்லா தாத்தா’ங்க. விருந்தாளி வருசத்துக்கு எத்தனை தடவை வாரான்? ஓணத்துக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணு. மிச்சம் 363 நாளு அந்த மேசை யாருக்கு? அதை மூலையில ஒட்டிப் போட்டிருந்த. ரெண்டு பக்கம் செவுரு, அந்தப் பக்கத்துச் சேரை இழுக்கவே முடியாது. வெளக்கு ஒரு பக்கம் தொங்குது, மேசை ஒரு பக்கம் கெடக்கு. மாப்பிள்ளையும் பொண்ணும் வேற வேற மண்டபத்துல நிக்க மாதிரி. அதுமேல இஸ்திரி போட வேண்டிய துணி, பிரிக்காத கூரியர் பொட்டி, காலாவதியான மாத்திரை அட்டை, பாப்பாவோட களிமண்ணு. நான் வந்த அன்னைக்கு ‘சாப்பிட வாங்க தாத்தா’ன்னு சோபாவுல உக்கார வச்சுத் தட்டை மடியில குடுத்தா. சாம்பாரு என் சாரத்துல. பூராவும் டிவி வெளிச்சத்துல. எதைத் திங்கேன்னு தெரியாம திங்கதுக்கு, ஊர்ல கரண்டு போனப்ப தின்னாலே போதுமே.

மேசையை என்ன பண்ணணும்? ஒண்ணும் பெருசா இல்ல. மூலையில இருந்து வெளிய எடு. வெளக்குக்கும் ஃபேனுக்கும் கீழ கொண்டா. ரெண்டு பக்கமும் சேரு இழுக்க எடம் வேணும். 3 அடி மேசை, அந்தப் பக்கம் 3, இந்தப் பக்கம் 3, ஆக 9 அடி. உன் அகலம் 12. இன்னும் 3 அடி தடத்துக்கு மிச்சம். கணக்கு கைமேல இருக்கு. நாலு சேரு போதும். மிச்சம் ரெண்டைப் படுக்கையறையில போடு. எப்படியும் துணி போடத்தான் போறீங்க, அதுக்குச் சேராவது கெடைக்கட்டும்.

திருவனந்தபுரத்துல தம்பானூர்க்கிட்ட ஒரு இந்தியன் காபி ஹவுஸ் இருக்கு, பாத்திருக்கியா? செங்கல்ல நத்தைக்கூடு மாதிரி சுத்திச் சுத்தி மேல போற கட்டடம். லாரி பேக்கர் கட்டுனது. இங்கிலாந்துல 1917-ல பொறந்து, கேரளத்துல வேரு விட்டு, 2007-ல இங்கயே கண்ணை மூடுன மனுசன். அங்க மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடயே சேத்துக் கட்டுனது. நகட்டவே முடியாது. நான் கண்ணு காட்டப் போனப்ப அங்க ஒரு காப்பி குடிச்சேன். காப்பியைவிட அந்த நிம்மதி எனக்குப் புடிச்சுது. இங்ஙன போடவா, அங்ஙன போடவான்னு அங்க யாரும் ராத்திரி பதினோரு மணிக்குப் பேச முடியாது. மனுசன் எங்க உக்காருவான், எவ்வளவு எடம் வேணும், எந்தச் சன்னல்ல காத்து வரும்னு முன்னாலயே பாத்து வச்சிருக்காரு. அவரும் நம்ம தொழில்தான், நோக்குகூலி.

நீ பாக்காம வாங்குனதால வந்த வெனை அந்தச் சோபா எறங்குன அன்னைக்கே தெரிஞ்சுதே. பழசைக் குடுத்துட்டு ‘எல்’ எழுத்து மாதிரி புதுசு வாங்குன. நான் வந்து எறங்குன மறுநாள். லிஃப்டு வாசல்ல முக்கால்வாசி போயி நின்னுட்டு, உள்ளயும் போகாம வெளியயும் வராம. லிஃப்டு ‘கதவைத் தயவுசெய்து மூடவும்’னு மலையாளத்துல கெஞ்சிக்கிட்டே இருக்கு. மேல ஏழாவது மாடியில ஒரு அம்மா பால் பாக்கெட்டோட காத்துக்கிட்டு நிக்கி. கடைசியில காலைக் கழத்தி, மாடிப்படி வழியா, வளைவுக்கு வளைவு ‘சேட்டா, எடத்தோட்டு! வலத்தோட்டு!’ன்னு ஏத்துனாங்க. வாங்குறதுக்கு முன்னால லிஃப்டையும் வாசலையும் ஒரு முழம் போட்டுப் பாத்திருக்கக் கூடாதா? இனிமே எதை வாங்கப் போனாலும், அந்த அளவுக்கு நாலு பத்திரிகையை ஒட்டித் தரையில விரி. ரெண்டு நாள் அதைச் சுத்தி நட. மிதிச்சு மிதிச்சுப் பத்திரிகை கிழிஞ்சா அந்த சாமான் அங்க ஆகாதுன்னு அர்த்தம். பத்திரிகைக்கு வேற என்ன வேலை இருக்கு இந்தக் காலத்துல?

வாங்குனாலும் மரமாப் பாத்து வாங்கு. 1846-லயே நெலம்பூர்ல தேக்குத் தோட்டம் நட்ட நாடு இது. இங்க வந்து உக்காந்துக்கிட்டு மரத்தூளை ஒட்டி அமுக்குன பலகையில டிவி ஸ்டாண்டு வாங்கிருக்க. கீழ் விளிம்பைத் தொட்டுப் பாரு, இப்பவே தண்ணியில ஊறுன ரஸ்க்கு மாதிரி உப்பியிருக்கு. மாப்பு போடுற தண்ணிக்கே இந்தக் கதி. சேட்டனோட மச்சினன் வீடு பெரியாத்தங்கரையில. 2018 ஆகஸ்டு வெள்ளத்துல இடுப்பளவு தண்ணி ஏறிட்டாம். வடிஞ்ச பொறவு போயிப் பாத்தா, அலமாரி கஞ்சியாக் கெடக்கு. அப்பா காலத்துத் தேக்கு மேசை மட்டும் சேறு பூசிக்கிட்டு நாலு காலுல நிக்காம். கழுவிக் காய வச்சு இன்னைக்கும் அதுலதான் கஞ்சி குடிக்காங்க.

ஞாயித்துக்கிழமை மட்டாஞ்சேரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க, புண்ணியமாப் போவும். அந்த அரண்மனையை 1555 வாக்குல போர்ச்சுகீசியன் கட்டி ராசாவுக்குக் குடுத்தானாம். 1663-ல டச்சுக்காரன் வந்து பழுது பாத்தானாம். ஊர்ல எல்லாரும் என்ன சொல்லுதாங்க? டச்சு அரண்மனை! கட்டுனவன் பேரு போயிட்டு, எடுத்துச் செம்மை பண்ணுனவன் பேரு நின்னுட்டு. இதை ஞாபகத்துல வச்சுக்கோ, பின்னால வேலை இருக்கு.

பக்கத்துல யூதர் கோயிலு. 1568-ல கட்டுனது. செருப்பைக் கழத்திட்டு உள்ள போனா, காலுக்குக் கீழ சீனாவுல இருந்து வந்த நீலப்பூ ஓடு, கையால எழுதுனது. நீங்க எல்லாரும் அண்ணாந்து கண்ணாடிச் சரவெளக்கைப் பாத்தீங்க. நான் உக்கார எடத்தைப் பாத்தேன். நடுவுல பித்தளைக் கம்பி போட்ட மேடை ஒண்ணு. பெஞ்சு எல்லாம் ஓரத்துல. சுத்தி நடக்கத் தாராளமா எடம். ஒரு கூடத்துக்கு ஒரு தலைதான். எங்க உக்காந்தாலும் கண்ணு அந்த மேடைக்குப் போவும். உன் ஹால்ல எத்தனை தலை? டிவி ஒரு தலை, மீன்தொட்டி ஒரு தலை, சாமி மாடத்துக்குக் கலர் பல்பு, அதுக்கு நேரா உன் பத்தாயம். ராவணன் வந்து உக்காந்த மாதிரி இருக்கு.

அந்தப் பத்தாயத்தைச் சொல்லணும்லா. யூதத்தெரு கடை ஒண்ணுல ‘ஆன்டிக்’னு வாங்கிட்டு வந்து, உள்ள ஒண்ணும் போடாம, மேல ஒரு செடி வச்சு, ‘தொடாத’ன்னு பாப்பாவை மெரட்டுத. ஏலே, நெல்லு போட்டு வைக்கிற பொட்டி அது. நம்ம வீட்டுல இதே மாதிரி ஒண்ணு கெடந்துச்சு. உங்க அப்பன் காது குத்துக்கு வெறகு பத்தலன்னு அதை ஒடைச்சுத்தான் பாயாசம் காய்ச்சுனோம். அன்னைக்கு நான் எரிச்சது இன்னைக்கு ஒரு மாசச் சம்பளமாம். கேட்டதுல இருந்து பாயாசம் நெஞ்சுல நிக்கி. போனது போட்டு. அதைத் தெறந்து போர்வை, தலகாணி, பாப்பா பொம்மை எல்லாம் உள்ள போடு. மேல ஒரு மெத்தையை விரிச்சுச் சன்னலோரம் தள்ளு. ரெண்டு பேரு உக்காரலாம். உக்காரக் கூடாத பொட்டியும் தொடக் கூடாத சோபாவும் மியூசியத்துக்குத்தான் ஆவும். அங்க ராத்திரி யாரும் தூங்குறதில்ல.

கடைசியா ஒரு சாமான். உன் லேப்டாப்புப் படத்துல ஒண்ணுலயும் அது கெடையாது: துணி காயப் போடுற ஸ்டாண்டு. மழை மாசத்துல அதுதான் இந்த வீட்டோட பெரிய சாமான். விருந்தாளி வாரான்னு தெரிஞ்சதும் ஈரத் துணியோட அதைத் தூக்கிக்கிட்டு நீ படுக்கையறைக்கு ஓடுறதும், அங்க இருந்து என் சாரம் ஒண்ணு வழியில விழுறதும்... எதுக்கு இந்த மானக்கேடு? கொச்சிக் கோட்டையில துணி வெளுக்குற எடத்தைக் காட்டுனியே. டச்சுக்காரன் காலத்துல தமிழ்நாட்டுல இருந்து வந்த வண்ணாரு வம்சம். என்கூட நல்லாத் தமிழ் பேசுனாங்க. கல்லு ஒரு பக்கம், இஸ்திரிப் பொட்டி ஒரு பக்கம், காயப் போடுற மைதானம் ஒரு பக்கம்னு எடம் பிரிச்சுத்தான் பொழைக்காங்க. துணி ஈரமா இருக்கதுல அவங்களுக்கு வெக்கம் இல்ல. நீயும் பால்கனிக் கதவோரம் 5 அடி ஒதுக்கி வையி. அது ஸ்டாண்டுக்கு உள்ள எடம்னு எழுதிரு. மழை இல்லாத மாசத்துல பாப்பா அதுல பாண்டி ஆடட்டும்.

என்ன, வாயைத் தெறந்துக்கிட்டுப் பாக்க? ‘இவ்வளவும் எப்ப தாத்தா செய்ய, ஆளு வைக்கணும், கூலி கேப்பான்’னு யோசிக்கியா? உன்கிட்ட ஒண்ணு கேக்கேன். நேத்து ராத்திரி நீங்க மூணு பேரும் எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?

மேசையில. ரெண்டு மாசத்துல மொத தடவை. பாப்பா பள்ளிக்கூடத்துல பல்லு விழுந்த கதையை முழுசாச் சொன்னா. உன் வீட்டுக்காரி, ‘இன்னைக்கு என்ன, காத்து நல்லா வருது’ன்னா. நீ, ‘மழைக் காத்து’ன்னு பெரிய வானிலை ஆளு மாதிரி சொன்ன. டிவியைப் போடணும்னு யாருக்கும் ஞாபகம் வரல.

மழைக் காத்து இல்லலே. ஃபேன் காத்து. அந்த மேசை மூலையில இருந்து நாலரை அடி வெளிய வந்து, வெளக்குக்கு நேரா நிக்கி. எப்பிடி வந்துச்சு? மூணு நாளா மத்தியானம் நீங்க ஆபீஸ் போன பொறவு, காலுக்கடியில பழைய போர்வையைக் கொடுத்து, தெனம் ரெண்டு சாண் இழுத்தேன். ரெண்டு சாண்னா ஒண்ணரை அடி. ஒரேயடியா இழுத்தா ‘யாரு நகட்டுனது’ன்னு பஞ்சாயத்து வரும். கொஞ்சம் கொஞ்சமாப் போனா எல்லையும் நகரும், வரப்பும் நகரும். ஊர்ல உங்க சின்னத் தாத்தன் அப்பிடித்தான் என் வயல்ல ஒண்ணரை செண்டு தள்ளிக்கிட்டான். அந்த வித்தையை அவன்கிட்டதான் படிச்சேன். மேல கெடந்த துணியையும் பொட்டியையும் பத்தாயத்துக்குள்ள போட்டாச்சு, தேடாத. கூட்டாளி யாருன்னும் கேக்காத. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போர்வையோட மறுமுனையைப் புடிச்சு இழுத்தது யாரோ, அந்த ஆளுக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயாக் கூலி குடுத்துக் கணக்கு முடிச்சாச்சு.

இனி என் கணக்கு. நோக்குகூலிக்குத்தான் தடை. நான் பாக்க மட்டும் செய்யல, அந்த டச்சுக்காரன் மாதிரி இழுத்துச் செம்மையும் பண்ணிருக்கேன். இழுத்தவன் கூலி கேக்கதை எந்தச் சட்டமும் தடுக்காது, சேட்டன்கிட்ட கேட்டுட்டேன். பணம் வேண்டாம். ஊர்ல இருந்து நான் சுமந்துக்கிட்டு வந்த பத்தமடைப் பாயைச் செவுத்துல ஆணி அடிச்சுப் படம் மாதிரி தொங்க விட்டிருக்கேல்லா, அதை எறக்கு. பால்கனிப் பக்கம் நான் ஒதுக்கச் சொன்ன அந்த 5 அடியில விரி. துணி ஸ்டாண்டா? அது கொஞ்சம் தள்ளி நிக்கட்டும். மணி ரெண்டாச்சு, எனக்குக் கண்ணைச் சொக்குது.